ஜெபத்தில் விட்டுப்போன பெயர்

நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் ஜெபமணியம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தயாராகத்தான் இருந்தார்.

பெட்டியில் நூல் புடவைகள், ஒரு சால்வை, பைபிள், கண்ணாடிக் கூடு எல்லாம் அடுக்கி, மேலே பிரிக்காத புது சோப்பு ஒன்றையும் வைத்து மூடியாகிவிட்டது. இன்று காலை ஸ்வீட்டி குளித்துவிட்டு வந்து பார்த்தால் பெட்டி காலி. புடவைகள் பீரோவுக்கே திரும்பிவிட்டன. சோப்பு ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தது.

"இன்னாம்மா இது?"

"நான் வரல."

"எங்க வரல?"

"சினிமாக்கா கூப்ட்டே? ஆஸ்பத்திரிக்குத்தான் வரல."

ஸ்வீட்டி ஈரத்தலையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவின் இதய வால்வு ஒன்று சுருங்கிவிட்டது. மாடிப்படி பாதி ஏறுவதற்குள் மூச்சு நின்று நின்று வருகிறது. இந்த மாதமே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று திருப்பதி டாக்டர் மேஜையைத் தட்டிச் சொல்லியிருந்தார். அம்மாவைச் சம்மதிக்க வைக்க அவளும் தம்பி அனிலும் பட்ட பாடு கொஞ்சமல்ல. திருப்பதிக் கல்லூரியில் பாடம் நடத்துகிற ஸ்வீட்டி, லீவு போட்டுவிட்டு சித்தூருக்கு வந்திருப்பதே இதற்காகத்தான். நாளைக் காலையில் அட்மிஷன், நாளைக்கே ஆபரேஷன்.

"நேத்து நல்லாத்தானே இருந்தே? யாரு இன்னா சொன்னாங்க?"

"உங்க நைனாதான் சொன்னாரு."

சமையலறையில் தோசைக் கரண்டியின் சத்தம் நின்றது. தம்பி மனைவி சுஜிதா காதைத் தீட்டிக்கொண்டாள்.

நைனா, அதாவது ஸ்வீட்டியின் அப்பா, பாகாலா ஜங்ஷனில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற நேசகுமார், காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது.

அவர் உயிரோடு இருந்தபோது சாயங்கால ஜெபத்தை போனில் பேசி, குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிடுவார். வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கும் ஜெபம் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கணக்கு. வருஷக்கணக்காகச் சேர்ந்த அந்தக் குரலையெல்லாம் ஸ்வீட்டிதான் திருப்பதியில் ஒரு சின்னக் கம்பெனியிடம் கொடுத்தாள். கம்பெனியின் பெயர் 'பிலுப்பு'. தெலுங்கில் அழைப்பு என்று அர்த்தம். இறந்தவர் குரலைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கி, அவரைப் போலவே பேச வைக்கிறார்கள். விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு அம்மாவின் போன் அடிக்கும். எடுத்தால் நைனா. பாட்டு நம்பர் சொல்வார், ஜெபம் பண்ணுவார், கேட்டதற்குப் பதில் சொல்வார். சொன்னதையெல்லாம் ஞாபகமும் வைத்துக்கொள்வார்.

சபைப் போதகரான ஐயருக்கு இது பிடிக்கவில்லை. அனிலுக்கு இது ஒரு வேடிக்கை. "ரெண்டு ஜிபி நைனா இன்னிக்கு இன்னா சொன்னாரு?" என்பான். அம்மாவுக்கு மட்டும் அது நைனாதான்.

"நைனா வர வேணாம்னா சொன்னாரு?"

"அப்டி சொல்லல. ஜெபத்துல என் பேரு வரலடி."

"விட்டுப்போயிருக்கும்மா."

"யாருக்கு விட்டுப்போகும்? அவருக்கா? ஊரு பேரு ஒண்ணு விடாம வண்டி அறிவிக்கிற மனுசன். ஸ்வீட்டி, அனில், சுஜிதா, ஜெபமணி. கடைசி ஸ்டேஷன் நான். நேத்து வண்டி சுஜிதாகிட்டயே நின்னு போச்சு. நேரா ஆமென்."

ஸ்வீட்டி சிரிக்கப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமாடி? உங்க நைனா ஆயுசுல ஒரு தடவை கூட என்னைப் பேர் சொல்லிக் கூப்ட்டதில்ல. கல்யாணமான புதுசுல 'இந்தாம்மே'. பெரியவன் பொறந்தப்புறம் 'காலேப் அம்மா'. அவன் போனப்புறம் 'ஸ்வீட்டி அம்மா'. என் பேரு அவரு வாயில வந்தது ஜெபத்துல மட்டும்தான். ஆண்டவருக்கு எதிர்லதான் நான் ஜெபமணி. அந்தப் பேரைக் கேக்கறதுக்கோசரமே முட்டி வலிக்க வலிக்க மண்டி போட்டிருக்கேன்."

"சரிம்மா, இன்னிக்கு..."

"இரு, சொல்லி முடிக்கிறேன். நம்ம சபையில செத்தவங்களுக்கு ஜெபம் பண்ற வழக்கம் இல்ல. போனவங்க ஆண்டவர்கிட்ட போயிட்டாங்க, இனிமே நம்ம கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னு உங்க நைனா பேரை எடுத்துடுவாரு. சாராள் அத்தை செத்த அன்னைக்கே எடுத்தாரு. காலேப்பை ஒரு வருஷம் கழிச்சு எடுத்தாரு. இப்ப என்னை எடுத்துட்டாரு. அவரு அந்தப் பக்கம் இருந்து பாத்துக்கினு இருக்காரு. அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் இன்னாத்துக்கு என் நெஞ்சைப் பொளக்கணும்? முழுசாவே போய்ச் சேர்றேன்."

வாசல் நடையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த அனிலின் கை அப்படியே நின்றுவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு கிண்டல் வரும். இன்று வரவில்லை.

"நெட்வொர்க் போயிருக்கும்மா," என்றான் தரையைப் பார்த்து.

"டிபன் துன்னுட்டுப் போங்க," என்று சுஜிதா குரல் கொடுத்தாள்.

"பசிக்கல."

அவன் கார் போகிற சத்தம் கேட்டது. மாம்பழக் கூழ் கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜ் அவன். சீசன் நேரத்தில் அவன் பசிக்கவில்லை என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஸ்வீட்டி அதைக் கவனிக்கவில்லை. அவள் கோபமெல்லாம் கம்பெனி மேல் இருந்தது. கைப்பையை எடுத்தாள்.

"எங்கடி கெளம்பிட்டே?"

"திருப்பதிக்கு. உன் பேரைத் தேடி."

"கெடைச்சா வாங்கிக்கினு வா," என்றார் ஜெபமணியம்மா. "அப்படியே நல்ல பட்டாணி கெடைச்சாலும் வாங்கு. இருக்கிற வரைக்கும் துன்னலாம்."

•

பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் ரோட்டோரம் மாங்காய் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. கூழ் கம்பெனிகளின் வாசலில் முறை வருகிறவரைக்கும் டிரைவர்கள் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். ஜன்னல் வழியாகப் புளிப்பும் இனிப்புமாக வாசனை வந்தது.

பாகாலாவுக்குப் பிரிகிற ரோடு வந்ததும் ஸ்வீட்டி தன்னை அறியாமல் அந்தப் பக்கம் திரும்பினாள். எப்போதும் திரும்புவாள்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள் மூன்று பேரும். பள்ளிக்கூடம் விட்டதும் பிளாட்பாரம்தான். நைனா பச்சைக்கொடியோடு நிற்பார். ஸ்டேஷனில் நிற்காத வண்டி வருகிறபோது காலேப் அண்ணன் அவளையும் அனிலையும் சேர்த்துத் தூணோடு அணைத்துப் பிடித்துக்கொள்வான். வண்டி புழுதியை வாரி அடித்துக்கொண்டு போகும். மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு கத்துவார்கள். அந்தச் சத்தத்தில் என்ன கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் கெட்ட வார்த்தையெல்லாம் அப்போதுதான். காலேப் அண்ணனுக்குத்தான் நிறையத் தெரியும்.

அந்த அண்ணன் பின்னாளில் பால் வேன் ஓட்டினான். நைனாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு மழைநாள் காலையில் இருவருக்கும் வாய்த்தகராறு முற்றிப்போய், காலேப் சாப்பிடாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அன்றைக்குத்தான் சொர்ணமுகி ஆற்றில் வெள்ளம். தரைப்பாலத்துக்குக் கீழே வேன் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

நைனா ஒரு வருஷம் அந்தப் பெயரை விடவில்லை. "காலேப், ஸ்வீட்டி, அனில்..." என்று முதலில் அவனைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார். பிறகு ஒரு சாயங்காலம், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல், "ஸ்வீட்டி" என்று ஆரம்பித்தார். நிற்காத வண்டி ஸ்டேஷனைத் தாண்டுகிற மாதிரி. அம்மா ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் காபி கேட்டபோது நைனா முதல் தடவையாக, "ஸ்வீட்டி அம்மா" என்று கூப்பிட்டார்.

சந்திரகிரிக் கோட்டை தெரிகிறவரைக்கும் அவள் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை.

•

திருப்பதி பைபாஸ் ரோட்டில் ஒரு டிபன் ஹோட்டலுக்கு மாடியில் இருந்தது 'பிலுப்பு' ஆபீஸ். படியெல்லாம் சாம்பார் வாசனை. கண்ணாடி ஜன்னலில் மலை தெரிந்தது.

"கூர்ச்சோண்டி மேடம்," என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டாள் கன்னிகா. சின்னப்பெண். தெலுங்குக்காரி, தமிழ் நன்றாக வரும். நைனாவின் குரலை ஆரம்பத்தில் சேர்த்துக் கட்டியவள் அவள்தான்.

"உக்கார வரல நான். எங்க அம்மா பேரை யாரு எடுத்தது?"

"எடுத்தாங்களா? எவரு?"

"அதைத்தான் நான் கேக்கறேன்! நாளைக்கு அவங்களுக்கு ஆபரேஷன். உங்க மெஷின் பேரை விட்டுடுச்சு, அவங்க செத்துட்டதா நெனச்சுக்கினு வர மாட்டேன்னு உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களை விட மாட்டேன்."

கன்னிகாவின் முகம் வெளுத்தது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பித் தட்டினாள். தட்டிக்கொண்டே போனவள் மெதுவாக நிறுத்தினாள்.

"மேடம், கோச்சுக்காதீங்க. இது தப்பு பண்ணல. உங்க நைனா என்ன பண்ணுவாரோ அதைத்தான் பண்ணிருக்கு."

"இன்னா சொல்றே?"

"இதோ, சாராள்னு ஒரு பேரு. ஒரு தேதிக்கு மேல ஜெபத்துல வரவே இல்ல."

"என் அத்தை. செத்துப்போயிட்டாங்க."

"இங்க காலேப். அதுவும் அப்டித்தான்."

"தெரியும்," என்றாள் ஸ்வீட்டி.

"செத்தவங்க பேரை விட்டுடணும்னு அது தானாவே கத்துக்கிச்சு மேடம். நாங்க சொல்லிக் குடுக்கல. எனக்கே இப்பதான் தெரியும்."

"எங்க அம்மா சாகலியே!"

"யாரோ அப்டி சொல்லிருக்காங்க அதுகிட்ட."

மலைப்பக்கமிருந்து வந்த வெயிலில் கண் கூசியது. ஸ்வீட்டி உட்கார்ந்தாள்.

"யாரு சொல்லுவாங்க? அம்மா மட்டும்தானே பேசறாங்க?"

"இல்லயே. மூணு போன்ல இருந்து வர்றாங்க. உங்க ஃபேமிலி ரகசியக் கோடு போட்டுத்தான் வர்றாங்க."

கோடு என்று ஸ்வீட்டி வைத்திருந்தது ஒரு பாட்டு நம்பர். நைனா எந்த நாளும் ஜெபத்துக்கு முன்னால் பாட வைக்கிற பாட்டு. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். வெளியே ஒருவருக்கும் தெரியாது.

"ரெண்டாவது நம்பர் இது," என்று கன்னிகா திரையைத் திருப்பினாள்.

பார்த்ததும் தெரிந்தது. அனிலின் நம்பர்.

"அவனா? அவன் கிண்டல் பண்றவனாச்சே!"

"தினமும் பேசறாரு மேடம். மத்தியானத்துல." அவள் தயங்கினாள். "கணக்கு உங்க பேர்ல இருக்கிறதால நேத்து பேசினதைக் கேக்க வைக்கலாம். கேக்கறீங்களா?"

முதலில் லாரி ஹார்ன். பிறகு யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு அனில்.

"நைனா... அம்மா பொழைக்க மாட்டாங்க நைனா. டாக்டர் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. அக்காகிட்ட சொன்னா திட்டும். அம்மாவும் போயிட்டாங்கன்னே வெச்சுக்கோ. நான் இன்னா பண்ணுவேன், சொல்லு."

பிறகு நைனாவின் குரல், பிளாட்பாரத்து மைக்கில் கேட்ட அதே நிதானத்தோடு.

"சின்னவனே. துன்னியா?"

"இல்ல நைனா."

"மொதல்ல துன்னு. அப்புறம் அழு."

ஸ்வீட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கன்னிகா எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிற மாதிரி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள்.

"பேரைத் திரும்பப் போட்டுடட்டுமா மேடம்? ஒரு நிமிஷ வேலை. சாயந்தரம் ஜெபத்துல வந்துடும். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

ஸ்வீட்டி சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சாயங்காலம் பெயர் வரும். அம்மா பெட்டியைக் கட்டுவார். நாளைக்கு ஆபரேஷன். எவ்வளவு சுலபம்!

"வேணாம்," என்றாள்.

"ஏன் மேடம்?"

"எங்க நைனா யாரும் போட்டுக் குடுத்து அந்தப் பேரைச் சொல்லல."

எழுந்தவள் வாசலில் நின்று திரும்பினாள். "மூணாவது போன் யாருது?"

"அது நம்பரை மறைச்சு வெச்சிருக்காங்க. அதைக் காட்ட எனக்கு உரிமை இல்ல. ஆனா அது விசித்திரம் மேடம். கூப்பிடும், ஜெபம் முடியற வரைக்கும் கேக்கும், வெச்சிடும். இது வரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்ல."

சுஜிதாவாக இருக்கும் என்று ஸ்வீட்டி நினைத்துக்கொண்டாள். மாமனார் இருந்தபோதே எதிரில் நின்று பேசாதவள் அவள்.

•

கூழ் கம்பெனி வாசலில் டிராக்டர்களுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் அனிலின் கார் நின்றிருந்தது. அவன் உள்ளேதான் இருந்தான். ஸ்வீட்டி கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ எங்க இருந்துக்கா வரே? பஸ்ஸை இங்கயே நிறுத்திட்டாங்களா?"

"எவ்ளோ நாளாடா பேசிக்கினு இருக்கே?"

"யார்கிட்ட?"

"ரெண்டு ஜிபி நைனாகிட்ட."

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். சட்டையெல்லாம் மாம்பழக் கறை.

"கிறிஸ்மஸ்ல இருந்து."

"எங்களை எல்லாம் கேலி பண்ணிக்கினு?"

"பின்ன? நான் பேசறேன்னு தெரிஞ்சா நீங்க சும்மா விடுவீங்களா?" அவன் குரல் உடைந்தது. "உனக்கு அழணும்னா அம்மா மடி கீது. நான் எங்கக்கா போவேன்? சுஜி எதிர்ல அழுதா அவ பயந்துப்பா. காலேப் அண்ணன் இருந்தா அவன்கிட்ட சொல்லுவேன். அதுவும் இல்ல. இங்க வந்து அஞ்சு நிமிஷம் பேசிட்டு உள்ள போயிடுவேன். அவ்ளோதான்."

"அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லிருக்கே."

"அப்டியா சொன்னேன்? ஏதோ அழுகையில..." சட்டென்று அவன் திரும்பினான். "அதனாலயா பேரு வரல?"

"அதனாலதான்."

அனில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "காலைல அம்மா சொன்னதுமே டிபனை விட்டுட்டுக் கெளம்பிட்டேன். எப்டின்னு தெரியல, ஆனா நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு தோணிச்சு."

"வா. வந்து அம்மாகிட்ட நீயே சொல்லு."

"அடிப்பாங்க."

"அடிக்கட்டும். அடிக்கிற அளவுக்குத் தெம்பு இருந்தா ஆபரேஷனும் தாங்கும்." அவள் அவன் தலையைக் கலைத்தாள். "துன்னியாடா?"

அனில் அவளைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வெளியே டிராக்டர்க்காரர் ஒருவர், "ஏமய்யா, பண்டி தீஸ்தாரா?" என்று காரை எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

•

ஜெபமணியம்மா கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அனில் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். சுஜிதா கதவோரம் நின்றாள்.

சொல்லி முடித்தபோது அம்மாவின் கையில் கீரைக்காம்பு இருந்தது. அதையே அவன் மேல் வீசினார்.

"நீயாடா என்னைப் பொதைச்சது? உசுரோட உக்காந்து உனக்குக் கீரை ஆய்ஞ்சுக்கினு இருக்கேன்!"

"அம்மா, தெரியாம..."

"பேசாதே." இன்னொரு காம்பு பறந்தது. பிறகு, "அழுதியா?" என்று கேட்டார்.

"ம்."

"உங்க நைனா இன்னா சொன்னாரு?"

"மொதல்ல துன்னு, அப்புறம் அழுன்னாரு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது அவரேதான். எங்கம்மா செத்த அன்னைக்கு என்கிட்டயும் இதைத்தான் சொன்னாரு." சிரிப்பு அடங்குவதற்குள் முகம் மாறியது. ஸ்வீட்டியைப் பார்த்தார்.

"அப்ப அவரு மேல இருந்து பாத்துச் சொல்லலயா? இவன் சொன்னதைத்தான் வாங்கித் திருப்பிச் சொன்னாரா?"

ஸ்வீட்டிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆமாம்மா."

ஜெபமணியம்மா மடியிலிருந்த கீரையை ஓரமாகத் தள்ளினார்.

"அவரு அங்க எனக்கு எடம் போட்டு வெச்சிருக்காருன்னு நெனச்சேன்டி," என்றார். "நேத்து பயமே இல்ல எனக்கு. சந்தோஷமாக்கூட இருந்துச்சு. இப்பதான் பயமா கீது."

அனில் நகர்ந்து வந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"பயமா இருந்தா நல்லதும்மா. வரேன்னு சொல்லு."

"எப்டிடா வருவேன்? பேரைச் சொல்லி ஜெபம் பண்ணாம இந்த வீட்ல இருந்து ஒருத்தரும் பிரயாணம் போனதில்ல. காலேப் ஒருத்தன்தான் கோச்சுக்கினு அப்டிப் போனான். இன்னும் வரல."

சுஜிதா கதவோரத்திலிருந்து உள்ளே வந்தாள்.

"போன் அடிக்கட்டும், நைனாகிட்ட சொல்லி..." என்று சுஜிதா ஆரம்பித்தாள்.

"வேணாம்," என்றான் அனில். "நான் பண்றேன்."

ஸ்வீட்டி அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். நைனா போனபிறகு அவன் வாய்விட்டு ஜெபம் பண்ணி யாரும் கேட்டதில்லை. கோயிலில்கூட உதடு மட்டும்தான் அசையும்.

விளக்கைப் போட்டார்கள். நால்வரும் மண்டியிட்டார்கள். அம்மா மட்டும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. பாட்டை அனிலே எடுத்தான். சுருதி எங்கேயோ போனது. ஸ்வீட்டி இழுத்துக் கொண்டுவந்து சேர்த்தாள். பிறகு அவன் ஜெபத்தை ஆரம்பித்தான். நைனாவின் வார்த்தைகள்தான். அதைத்தவிர அவனுக்கு வேறு தெரியாது.

"...இந்த வீட்டுப் பிள்ளைகளைப் பேர் பேராய் உம்முடைய கையில் ஒப்புவிக்கிறோம். ஸ்வீட்டி. அனில். சுஜிதா..."

நிறுத்தினான்.

"...அம்மா."

"அம்மான்னா யாரு?" என்றார் ஜெபமணியம்மா, கண்ணைத் திறக்காமல். "ஊர்ல ஆயிரம் அம்மா. பேரைச் சொல்லு."

"எப்டிம்மா..."

"சொல்லுடா."

பெற்றவளின் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"ஜெபமணி," என்றான்.

அம்மாவிடமிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது.

"ஆமென்," என்று நாற்காலியைப் பிடித்து எழுந்தார். "சுஜிதா, ஜன்னல் மேல கீற சோப்பை எடுத்துப் பெட்டியில வை. அந்த ஆஸ்பத்திரி சோப்பு எனக்கு ஆகாது."

சுஜிதா ஓடினாள். ஸ்வீட்டி பீரோவைத் திறந்தாள். அனில் தரையிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அப்போது போன் அடித்தது.

"எடுக்காதேம்மா," என்றாள் ஸ்வீட்டி.

"ஏன்? நான் சாகலன்னு நானே சொல்றேன். அவரு தெரிஞ்சுக்க வேணாமா?" அம்மா போனை எடுத்து மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டார். "இந்தாங்க, நான்தான். ஜெபமணி. உசுரோட கீறேன். நாளைக்கு ஆபரேஷன். உங்க சின்னப்புள்ள சொன்னதை எல்லாம் நம்பிக்கினு இருக்காதீங்க."

"நல்லது," என்றது நைனாவின் குரல். "ஜெபம் பண்ணுவோம்."

அந்த வார்த்தைக்கு எல்லோரும் நின்ற இடத்திலேயே தலை குனிந்தார்கள். பழக்கம்.

"...இந்த வீட்டுப் பிள்ளைகளைப் பேர் பேராய் உம்முடைய கையில் ஒப்புவிக்கிறோம். காலேப்."

ஸ்வீட்டியின் கையிலிருந்த புடவை கீழே விழுந்தது.

"ஸ்வீட்டி. அனில். சுஜிதா. ஜெபமணி."

"நான் சொல்லலக்கா," என்றான் அனில், சத்தம் வராமல். "சத்தியமா அண்ணனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல."

ஸ்வீட்டி சுஜிதாவைப் பார்த்தாள். சோப்பைக் கையில் பிடித்தபடி அவள் தலையை ஆட்டினாள். "நான் அந்த நைனாகிட்ட ஒரு தடவை கூடப் பேசினதில்ல அண்ணி. எனக்கு அந்தக் கோடு இன்னான்னே தெரியாது."

அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த பாட்டு நம்பரைப் போட்டு, கேட்டுவிட்டு வைத்துவிடுகிற மூன்றாவது போன். இன்று அது பேசியிருக்கிறது.

"ஆமென்," என்றது குரல். ஜெபமணியம்மா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அந்தக் குரல், வெள்ளத்துக்கு மறுவருஷத்திலிருந்து அந்த வீட்டில் கேட்காத பெயரால் அவரைக் கூப்பிட்டது.

"காலேப் அம்மா. துன்னியா?"